அடி விறைப்பு, நுனி நெளிவு

குமரி மாவட்டத்துத் தூத்தூர்ப் பக்கம் வயதான கடல்காரர் யாரிடமாவது அரை மணி நேரம் பேசினால் சுறாவைப் பற்றிய பேச்சு வந்தே தீரும். ஆழ்கடலுக்குப் போய்த் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை ஊர்க்காரர்களுக்கு மேற்குக் கடற்கரை முழுக்கப் பெயர் உண்டு. 2015 பிப்ரவரியில் சுறாப்பீலி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போடும்வரை இறைச்சிக்கு ஒரு விலை, பீலிக்கு ஒரு விலை. பச்சைப் பீலி ஒன்றை அடியிலிருந்து நுனிவரை விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஒன்று புரியும். அடிப்பக்கம் குருத்தெலும்பு, அசையாது. பாதிக்கு மேல் நார் நாராகப் பிரிந்து, நுனிக்கு வரும்போது வெற்றிலை மாதிரி மடங்குகிறது. சீனத்துச் சூப்பில் மிதப்பது அந்த நார்தான்.

அலைச்சறுக்குப் பலகையின் அடியில் திருகி வைக்கும் ஃபின், இந்தப் பீலியைப் பார்த்து மனிதன் செய்ய முயன்ற நகல். கடையில் அதைப் பொருளின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள்: பிளாஸ்டிக் என்றால் மலிவு, ஃபைபர் என்றால் நடுத்தரம், கார்பன் என்றால் உயர்வு. பலகை மேல் நிற்பவனுக்கு வேண்டிய தகவல் வேறு. அது எந்த இடத்தில், எவ்வளவு வளைகிறது? பெட்டியின் மேல் இது தெளிவாக எழுதியிருப்பதை நான் அதிகம் பார்த்ததில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. ‘துடுப்பு’ என்று எழுதலாம்தான். ஆனால் நம் கரையில் துடுப்பு என்றால் வலிக்கிற துடுப்பு என்றே பாதிப்பேர் எடுத்துக்கொள்வார்கள். பலகை வைத்திருக்கும் பையன்கள் ‘ஃபின்’ என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ஃபின் இல்லாத பலகை அலையில் இறங்கும்போது எண்ணெய் தடவிய தட்டில் வைத்த எலுமிச்சம்பழம்போல எந்தப் பக்கமும் போகும். காற்றும் தண்ணீரும் பக்கவாட்டில் தள்ளும்போது நீருக்குள் நின்று ‘அங்கே போகாதே’ என்று தடுக்க ஒரு தகடு வேண்டும். இது நமக்குப் புதிதில்லை. கட்டுமரத்தில் பாய் விரித்து ஓடும்போது மரம் பக்கவாட்டில் ஒதுங்கிவிடாமலிருக்க மரங்களுக்கு இடையே ஒரு பலகையைச் செங்குத்தாக இறக்குவார்கள். கரை நெருங்கும்போது அதை உருவிவிடுவார்கள். ஹவாயில் மரப்பலகை மேல் நின்று அலையேறிய பழங்குடிகளுக்கு இப்படி ஒரு தகடு இருக்கவில்லை. காலை நீரில் தோய்த்தே திசை மாற்றினார்கள். 1935இல் டாம் பிளேக் என்ற அமெரிக்கர், கைவிடப்பட்ட வேகப்படகு ஒன்றின் அடியிலிருந்து எடுத்த உலோகத் தகட்டைத் தன் பலகையில் பொருத்தி வைகீகி அலையில் இறங்கினார். சர்ஃபிங் வரலாற்றில் முதல் ஃபின் என்று எழுதுவது அதைத்தான். அவர் வைத்தது துளியும் வளையாத உலோகம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வளைவு ஒரு குணம் என்று கண்டுபிடிக்க இன்னும் முப்பது ஆண்டு ஆயிற்று. கலிஃபோர்னியாவின் சாந்தா பார்பராவில் ஜார்ஜ் கிரீனோ என்பவர், நின்று ஓட்டாமல் முழங்காலிட்டு ஓட்டுகிறவர், சூரை இனத்து மீன்களின் வடிவத்தைக் கவனித்து, அடி அகலமாகவும் நுனி ஒடுங்கிப் பின்னால் சாய்ந்தும் இருக்கிற கண்ணாடியிழை ஃபின்களை 1960களில் செய்தார். நம் ஊர்ச் சந்தையில் சூரையையும் கேரையையும் வாலைப் பிடித்துத் தூக்கியவர்களுக்கு அந்தப் பிறை வடிவம் கண்ணில் நிற்கும். அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்குள்ளவர்களோடு பழகினார். 1966இல் சான் டியாகோவில் நடந்த உலகப் போட்டியை நாட் யங் வென்றபோது அவர் பலகையின் அடியில் கிரீனோ பாணி ஃபின் இருந்தது. அடுத்த பெரிய மாற்றம் எண்ணிக்கையில் வந்தது. மார்க் ரிச்சர்ட்ஸ் இரண்டு ஃபின் பலகையில் 1979 முதல் 1982 வரை தொடர்ந்து நான்கு உலகப் பட்டங்கள் வாங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், கனத்த உடம்புக்காரரான சைமன் ஆண்டர்சனுக்கு இரண்டு ஃபின் போதாமல் பலகை வழுக்கிக்கொண்டே இருந்தது. அவர் மூன்றாவதாக ஒன்றை நடுவில் பின்னால் வைத்தார். 1981 ஈஸ்டர் சமயத்தில் பெல்ஸ் கடற்கரையின் ராட்சத அலைகளில் அந்தப் பலகையோடு வென்றார். இன்று உலகில் பாதிக்கு மேல் பலகைகள் அந்த மூன்று ஃபின் அமைப்புதான் என்று தயங்காமல் சொல்வேன். (அதே 1981இல்தான் பாரதிராஜா முட்டத்தில் எடுத்த ‘அலைகள் ஓய்வதில்லை’ வந்தது. அந்தப் படத்தில் முட்டத்து அலைகளைப் பார்த்த ஒருவரும் இதில் ஏறி நிற்கலாமே என்று யோசித்திருக்க மாட்டார்கள்.)

கணக்குக்கு வருவோம். மூன்று ஃபின் அமைப்பில் நடுத்தர அளவு என்பது சுமார் 11 செ.மீ. அடி, 11.5 செ.மீ. உயரம், 100 சதுர செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான பரப்பு. பெரிய தயாரிப்பாளர்களின் அட்டவணைப்படி 65 முதல் 80 கிலோ எடைக்காரருக்கு இது. விநாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் போய்க்கொண்டு ஒரு திருப்பம் போடுகிறீர்கள். கடல்நீரின் அடர்த்தியை வைத்துக் கணக்குப் போட்டால், அந்த உள்ளங்கை அளவுத் தகட்டின் மேல் பக்கவாட்டில் விழும் விசை சுமார் 11 கிலோ எடைக்குச் சமம். வேகம் 8 மீட்டரானால் 20 கிலோ. பாதி நிரம்பிய சமையல் எரிவாயு உருளையை ஒரு கைப்பிடிச் சுவரின் நுனியில் தொங்கவிடுவதைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை காற்றில் நிற்கும் எந்தச் சட்டத்துக்கும் இரண்டு விதிகள் உண்டு, ஃபின்னுக்கும் அவையே. தடிமனை இரட்டிப்பாக்கினால் விறைப்பு எட்டு மடங்காகும். நீளத்தை இரட்டிப்பாக்கினால் நுனியில் அதே சுமைக்கு வளைவு எட்டு மடங்காகும். பொருளை மாற்றுவதில் கிடைக்கும் வித்தியாசம் இதற்குப் பக்கத்தில் நிற்காது. சாதாரணக் கண்ணாடியிழைத் துணியை எபாக்சியில் ஊறவைத்துச் செய்த தகட்டைவிடக் கார்பன் துணித் தகடு மூன்று மடங்கு விறைப்பு, அவ்வளவுதான். கண்ணாடியிழை ஃபின்னையே ஒன்றரை மடங்கு தடிமனாகச் செய்தால் அந்த மூன்று மடங்கைத் தாண்டிவிடும். தடிமன் கூடினால் நீரில் இழுவையும் கூடும் என்பது உண்மை. கார்பனின் நியாயம் அங்கே இருக்கிறது. மெல்லிசாகவும் விறைப்பாகவும் ஒருசேர வேண்டுமென்றால் கார்பன். ‘கார்பன் என்பதால் நல்லது’ என்பது கடைக்காரரின் நியாயம்.

நீளத்தின் விதி இன்னொரு பழைய சண்டையையும் தீர்த்துவைக்கிறது. நீளப்பலகையில் ஒற்றை ஃபின், 9 அங்குலம், 10 அங்குலம் என்று தொங்கும். அதை வைத்து ஓட்டுகிறவர்கள் வளைவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். நாலரை அங்குல ஃபின் மூன்று வைத்திருப்பவர்கள் ‘எனக்கொன்றும் தெரியவில்லையே’ என்பார்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

விளம்பரங்களில் ஒரு படம் வரும். ஃபின் வில்லாக வளைந்து, விட்டதும் சவுக்குபோல் திரும்பி ஆளை முன்னால் எறிகிற மாதிரி. இதை நான் நீண்ட நாள் நம்பினேன். பிறகு ஒருநாள் கணக்குப் போட்டேன். மேலே சொன்ன 11 கிலோ விசையில் நுனி ஒரு செ.மீ. வளைந்ததாகவே வைத்துக்கொண்டாலும், அதில் சேமிக்கப்படும் ஆற்றல் அதிகபட்சம் அரை ஜூல். ஒரு கோழிமுட்டையைத் தரையிலிருந்து இடுப்புயரத்துக்குத் தூக்குகிற வேலை. அதே நேரத்தில் 70 கிலோ ஆள் 6 மீட்டர் வேகத்தில் போகும்போது அவனிடமிருக்கும் இயக்க ஆற்றல் 1,260 ஜூல். மூன்று ஃபின்களும் சேர்ந்து எறிந்தாலும் முட்டைக் கணக்குதான்.

அப்படியானால் வளைகிற ஃபின்னை ஓட்டும்போது காலில் தெரியும் அந்த உயிர்ப்பு எது? ஃபின் பின்னால் சாய்ந்திருப்பதில் பதில் இருக்கிறது. சாய்ந்த தகடு வளையும்போது நுனி சற்று முறுக்கவும் செய்கிறது. முறுக்கியதும் நுனி நீரைச் சந்திக்கும் கோணம் குறைகிறது, சுமையைத் தானே இறக்கிக்கொள்கிறது. தென்னையோலை பெருங்காற்றுக்கு ஒதுங்கிக்கொடுப்பதும் இதே தந்திரம்தான். முழு விறைப்பான ஃபின் ஒதுங்காது. கொடுத்த கோணம் முழுவதற்கும் பிடித்துக்கொண்டு நிற்கும், ஒரு எல்லைக்குமேல் சொல்லாமல் கொள்ளாமல் நீரோட்டம் அறுந்து பலகை பக்கவாட்டில் வழுக்கிவிடும். நுனி நெளிகிற ஃபின்னோ அந்த எல்லைக்கு முன்பே மெல்லக் கைவிட ஆரம்பித்துக் காலுக்குச் செய்தி அனுப்பும். கற்றுக்கொள்பவனுக்கு அந்தச் செய்தி உயிர்காக்கும். தேர்ந்தவனுக்கு, அதுவும் கனமான ஆளாக இருந்து வேகமான அலையில் போகும்போது, அதே நெளிவு எரிச்சல். ஃபின்னின் கால்வாசி காணாமல் போன மாதிரி இருக்கும். ஆக, எடை, வேகம், அலையின் பருமன் கூடக்கூட விறைப்பு கூட வேண்டும். எடை குறைந்த சிறுவர்களுக்குக் கார்பன் வாங்கித் தரும் பெற்றோர்களைப் பார்க்கும்போது, எட்டு வயதுப் பிள்ளைக்கு லாரி டயர் போட்ட சைக்கிள் வாங்கித் தந்த மாதிரி தோன்றும்.

பொருள்களைத் தனித்தனியாகப் பார்க்கலாம். பயிற்சிப் பலகைகளோடு இலவசமாக வரும் பிளாஸ்டிக் ஃபின் பெரும்பாலும் நைலான். கொஞ்சம் நல்ல ரகமென்றால் துண்டுக் கண்ணாடியிழை கலந்த நைலான். இதன் பலவீனம் பலருக்குத் தெரியாது: நைலான் தண்ணீர் குடிக்கும். கடையில் காய்ந்த நிலையில் வளைத்துப் பார்க்கும்போது இருந்த விறைப்பு, நாள்கணக்கில் நனைந்து நனைந்து நீரேறிய பிறகு ஏறத்தாழப் பாதியாகிவிடும். கடையில் விரலால் வளைத்து ‘ஆகா, கெட்டியாக இருக்கிறதே’ என்று வாங்குவது ஏமாற்று. ஆனாலும் பிளாஸ்டிக்கை நான் இழிவாகப் பேச மாட்டேன். அதன் ஓரம் மழுங்கல். கூட்டத்தில் யார் தொடையிலாவது பட்டால் கீறலோடு போகும். இன்னொன்று, பாறையில் மோதினால் அது முறியும், பலகை தப்பும். வீட்டு மின்பலகையில் ஃபியூஸ் போகிற மாதிரி. கார்பன் ஃபின் பாறையில் மோதினால் ஃபின் முறியாது, அதைப் பொருத்திய குழிப்பெட்டி பலகையின் சதையோடு பிய்ந்து வரும். முட்டத்தில் எனக்கு அது நேர்ந்திருக்கிறது. தண்ணீர் புகுந்த பலகையைக் காய வைக்கவே வாரக்கணக்கில் ஆனது.

முழுக் கண்ணாடியிழை ஃபின் கனமானது. கடலில் கழன்றால் மூழ்கிவிடும். அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆனால் வளைவு சீரானது, ஆண்டுக்கணக்கில் மாறாதது, அடிபட்டால் தேய்த்துச் சரிசெய்யக் கூடியது. எனக்கு ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றால் இதைத்தான் வைத்துக்கொள்வேன். இதன் எடையைக் குறைக்க நடுவில் தேன்கூடு மாதிரி அறைகள் வைத்து மேலே இழைத்தோல் போர்த்திய ரகம் உண்டு. வளைவைத் தாங்குவது தோல்தான் என்பதால் நடுவில் காற்று இருந்தாலும் குறையில்லை. தண்டவாளத்தின் குறுக்குவெட்டு மேலும் கீழும் தடித்து நடுவில் ஒடுங்கியிருப்பதற்கும் அதே காரணம். இதன் விறைப்பு முழுக் கண்ணாடியிழைக்கும் கார்பனுக்கும் இடையில் எங்கோ நிற்கும். தோல் ஒருமுறை கிழிந்தால் உப்புநீர் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும்.

மரத்தில், மூங்கிலில் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். தேக்கின் விறைப்பு கண்ணாடியிழைத் தகட்டில் பாதி அளவுக்குத் தேறும், மோசமில்லை. அழகுக்காக வைக்கலாம், மழைக்காலத்தில் பூசிய பூச்சைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வொலொங்காங் பல்கலைக்கழகத்தில் முப்பரிமாண அச்சில் ஃபின் செய்து கடலில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரே கணினி வடிவத்தை வெவ்வேறு விறைப்பில் அச்சடித்து ஒப்பிட முடியும் என்பது அந்த முறையின் பெரிய வசதி. கடையில் வாங்கும் இரண்டு ஃபின்களை ஒப்பிடும்போது வடிவமும் பொருளும் சேர்ந்தே மாறுவதால் எது எதனால் என்று பிரிப்பது கடினம்.

இனி நம் கரை. கோவளம் என்ற பெயரில் மூன்று கடற்கரைகள் இருக்கின்றன. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில் மூர்த்தி மேகவன் என்ற மீனவ இளைஞர் அலைச்சறுக்கைத் தொடங்கி வைத்ததை அடுத்து 2013 முதல் சர்ஃப் விழா நடந்தது. அதற்குச் சற்றுத் தெற்கே மாமல்லபுரத்தில் 2023 ஆகஸ்டில் சர்வதேசப் போட்டி, 2025 ஆகஸ்டில் ஆசிய சாம்பியன்ஷிப். திருவனந்தபுரத்துக் கோவளத்தில் 2005 முதல் சர்ஃப் கிளப் இருக்கிறது. மூன்றாவது கோவளம், கன்னியாகுமரியை ஒட்டி மேற்கே இருக்கும் நம்முடையது, வெறும் மீன்பிடி கிராமம். இரண்டு சர்ஃப் கரைகளுக்கு நடுவே 70 கி.மீ. சொச்சம் கடற்கரையை வைத்துக்கொண்டு குமரி மாவட்டம் இன்னும் அலையைக் கடப்பதையே தொழிலாக வைத்திருக்கிறது, ஏறி விளையாடுவதை அல்ல. அதில் குறையொன்றும் இல்லை. தேங்காப்பட்டணம் துறைமுக முகத்துவாரத்தில் அலை புரட்டிப்போட்டு இறந்தவர்கள் பலர். அலையை விளையாட்டென்று நம்மூரில் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வது நல்லது.

இந்தக் கரையின் பெரும்பகுதி தென்மேற்கைப் பார்த்து நிற்கிறது. ஆனி ஆடியில் பருவக்காற்றோடு வரும் அலை உயரம், கலங்கல், ஒழுங்கற்றது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன், ஜூலை தடைக்காலமும் அதுவே. (ஒரே மாவட்டத்தில் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் 15 முதல் கிழக்குக் கரைத் தடை, குளச்சலுக்கும் முட்டத்துக்கும் ஜூன் 1 முதல் மேற்குக் கரைத் தடை என்பது வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வைக்க முடியாத விஷயம்.) புயல் நாட்கள் போக, மழை ஓய்ந்ததும் மாசிவரை கடல் சாந்தம், அலை இடுப்பளவு, காலை நேரத்தில் கண்ணாடிபோல் வழவழப்பு. பங்குனி சித்திரையில் தென்கடலிலிருந்து நெடிய அலைகள் வரத் தொடங்கும்.

அந்த நெடிய அலைக்கு நம் ஊரில் பெயர் கள்ளக்கடல். இங்கே காற்றும் இருக்காது, மேகமும் இருக்காது. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் அடித்த புயலின் அலை நாட்கள் கழித்து வந்து திருடன்போல் கரையேறும். 2012இல் யுனெஸ்கோ இந்தச் சொல்லை அறிவியல் வழக்கில் அப்படியே ஏற்றுக்கொண்டது. 2024 மே 6ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் ஐந்து இளம் மருத்துவ மாணவர்களை இந்தக் கடல்தான் எடுத்துக்கொண்டது. அலைச்சறுக்குக்காரன் ஏங்குகிற அலையும் இதே வகை என்பதால் இதை இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. ஹைதராபாத்திலிருந்து இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனம் எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளில் எந்த ஃபின் என்ற கேள்வியே எழக்கூடாது.

மற்ற நாட்களுக்கு என் தேர்வு இப்படி. மழைக்குப் பிந்திய சின்ன அலைக்கு நீளப்பலகை, நுனி நன்றாக நெளிகிற ஒற்றைக் கண்ணாடியிழை ஃபின். வேகம் குறைவு என்பதால் நெளிவால் நஷ்டமில்லை, திருப்பம் மெத்தென்று வரும். பங்குனி அலைக்கு மூன்று ஃபின். பக்கத்து இரண்டும் நடுத்தர விறைப்பு, நடு ஃபின் அவற்றைவிட ஒரு படி இளக்கமாக இருந்தால் வால்பகுதி சுலபமாகத் திரும்பும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஓரம் மழுங்கிய பிளாஸ்டிக், மறுபேச்சில்லை. நம் கரையில் அலையில் நிற்பவர்களில் பாதிப்பேர் நீச்சல் தெரியாமல் துணியோடு இறங்கிய சுற்றுலாப் பயணிகள். பத்துப் பேர் கரமடி இழுத்துக்கொண்டிருப்பார்கள். கூர்மையான கார்பன் விளிம்போடு அந்தக் கூட்டத்துக்குள் போவது அருவாளை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டு பேருந்தில் ஏறுவது மாதிரி.

கார்பனுக்கு இங்கே இடம் குறைவு என்பது என் முடிவு. முட்டம், கடியப்பட்டணம் பக்கமெல்லாம் நீருக்கடியில் பாறை. பாறையில்லாத ஊர்களில் அரிப்பைத் தடுக்கக் கல்லைக் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். அந்த வளைவை ஒட்டி மணல் சேர்ந்து சில இடங்களில் முன்பு இல்லாத ஒழுங்கான அலை உருவாகியிருப்பது வேடிக்கை. அலை நன்றாக உடைகிற இடமும் கல் கிடக்கிற இடமும் ஒன்றாகிவிட்டது. போதாக்குறைக்கு மணவாளக்குறிச்சி மணல். கனிம ஆலைக்காரர்கள் தேடுகிற கார்னெட்டும் இல்மனைட்டும் கலந்த அந்தக் கருஞ்சிவப்பு மணல் ஃபின் திருகாணிக் குழிக்குள் புகுந்தால் சாவி சுழலும், திருகாணி சுழலாது. உப்புத்தாள் செய்யப் பயன்படும் கல்தூள் அது. குளித்து முடிந்ததும் நல்ல தண்ணீரில் குழியைக் கழுவாதவனுக்கு எந்தப் பொருளில் செய்த ஃபின்னும் ஒரே பருவம்தான் உழைக்கும்.

முறிந்த ஃபின்னோடு ஒருநாள் முட்டம் பக்கத்தில் ஒரு ஃபைபர் படகுப் பட்டறைக்குப் போனேன். இந்தப் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. கட்டுமரத்துக்கு வேண்டிய பருத்த மரம் அரிதாகவும் விலை ஏறியும் போனபோது, பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜிலே, கோட்டார் சமூக சேவை நிறுவனத்தோடு சேர்ந்து முட்டத்தில் ஒட்டுப்பலகையில் கட்டுமரம் போன்ற படகைச் செய்து காட்டினார். ‘கோட்டார்கேட்’ என்று அதற்குப் பெயர். சிறிய படகுத் தொழில்நுட்பத்தைக் கொண்டுசேர்க்கப் பட்ட பாட்டை 1985இல் ஒரு புத்தகமாகவும் எழுதினார். ஒட்டுப்பலகைக்கு மேல் ஃபைபர் வந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு உதவி நிறுவனங்கள் ஃபைபர் வள்ளங்களாக வாங்கிக் கொடுக்க, கரை நெடுக மேட்டும் ரெசினும் பிசைகிற கைகள் பெருகின. மரம் செதுக்கிய கை ஒரே தலைமுறையில் இழை படிய வைக்கும் கையாக மாறிவிட்டது.

பட்டறைக்காரர் ஃபின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது எந்த வள்ளத்துக்குச் சுக்கான் மக்கா?” என்றார். விளக்கினேன். அடியைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் நுனியை அழுத்தி வளைத்துப் பார்த்தார். நான் இத்தனை பத்தி எழுதிச் சொன்னதை அவர் ஒரு அழுத்தில் கண்டுகொண்டார் என்றே நினைக்கிறேன். “மேட்டு போட்டா இது நிக்காது. துணி போடணும். வள்ளத்துக்குப் போடுற ரெசினும் வேண்டாம், எபாக்சி வாங்கிட்டு வா.”

அவர் சொன்னதில் பொருளறிவு முழுக்க இருந்தது. மேட் என்பது துண்டுதுண்டான இழைகள் கண்டபடி கிடக்கும் விரிப்பு. அது ரெசினை நிறையக் குடிக்கும், அதனால் விறைப்பு குறையும். நெய்த துணியில் இழை நீளமாகவும் நெருக்கமாகவும் இருப்பதால் அதே தடிமனுக்கு இரண்டு மடங்குக்கு மேல் விறைப்பு கிடைக்கும். சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணியில் முப்பது சொச்சம் அடுக்கு வைத்தோம். ஏழு மில்லிமீட்டர் தகடு ஆயிற்று. எல்லா அடுக்கையும் நேராக வைத்தால் வளைவு குறையும், ஆனால் முறுக்கத்தைத் தடுக்கப் போதிய இழை இருக்காது. சில அடுக்குகளை நாற்பத்தைந்து பாகையில் கோணலாக வைத்தால் முறுக்கம் கட்டுப்படும், வளைவு இளகும். கிராஸ் கட் ரவிக்கை உடம்போடு இழுத்துக்கொடுப்பதும் துணியைக் கோணலாகத் திருப்பி வெட்டுவதால்தான். விறைப்பைப் பொருளால் மட்டும் அல்ல, துணி கிடக்கும் திசையாலும் கூட்டிக் குறைக்கலாம் என்பது கடையில் வாங்கும் எந்தப் பெட்டியிலும் கிடைக்காத வசதி.

தகடு இறுகியதும் வடிவம் வெட்டி, கிரைண்டர் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார். பக்கத்து ஃபின்னின் உட்புறம் தட்டையாகவும் வெளிப்புறம் மட்டும் குவிந்தும் இருக்க வேண்டும். தேயத் தேய ஒவ்வோர் அடுக்காக வெளியே வந்து, மலைப் படத்தில் உயரக்கோடுகள் இருப்பதுபோல் வளைவு வளைவாகக் கோடுகள் தெரிந்தன. கோடுகள் நெருங்கினால் சரிவு செங்குத்து, விலகினால் சமதளம். இடது ஃபின்னையும் வலது ஃபின்னையும் பக்கத்தில் வைத்துக் கோடுகளை ஒப்பிட்டாலே எது எங்கே அதிகம் தேய்ந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். அளவுகோல் வேண்டியதில்லை. முழங்கையெல்லாம் இழைத்தூள் ஏறி எனக்கு ஊறல் தாங்கவில்லை. அவர் தேங்காயெண்ணெய் பூசியிருந்தார். எனக்கு யாரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து சோதித்தேன். இதை யாரும் செய்யலாம். ஃபின்னின் அடியை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவில் இறுக்கி மேசை விளிம்பில் கிடையாக நிறுத்தி, நுனியிலிருந்து ஒரு செ.மீ. உள்ளே இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். இரண்டு கிலோ. நுனி எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று சுவரில் ஒட்டிய அளவுகோலில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு பாட்டிலை ஃபின்னின் பாதி உயரத்துக்கு நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். நுனியில் தொங்கும்போது நிறைய இறங்கி, பாதியில் தொங்கும்போது அசையவே அசையாதது அடி விறைத்து நுனி நெளிகிற ரகம். இரண்டிலும் தாராளமாக இறங்குவது முழுக்க இளக்கம். பிளாஸ்டிக் ஃபின்னாக இருந்தால் ஒரு வாரம் வாளித் தண்ணீரில் ஊறவைத்துவிட்டுச் சோதிப்பது நியாயம். வைத்திருக்கும் நாலைந்து ஃபின்களுக்கு இப்படி ஒரு சின்னப் பட்டியல் போட்டு வைத்துக்கொண்டால், பிடித்துப்போனது எந்த எண் என்று தெரியும். அடுத்தது வாங்கும்போது பொருளின் பெயரைக் கேட்காமல் பாட்டிலைத் தொங்கவிடலாம்.

பட்டறையில் செய்தது நுனியில் கொஞ்சம் கெட்டியாகவே இருந்தது. மறுபடி எடுத்துப்போனேன். அவர் எண்ணைக் கேட்கவில்லை. கட்டைவிரலை வைத்தார், அழுத்தினார், 120ஆம் நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி நுனியிலிருந்து மூன்று விரற்கடை அளவுக்கு மட்டும் இழைத்தார். வெளியே இன்னும் இரண்டு கோடுகள் தெரிந்தன. திரும்பவும் அழுத்தினார்.

“கொள்ளாம்,” என்று நீட்டினார்.